மறியலில் இருந்து வரும் நன்றி

தெமோதரையில் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கம் புகுந்து வளைந்து போகும் ரயில் பாதையைப் பார்க்க இப்போது எங்கெங்கிருந்தோ ஆட்கள் வருகிறார்கள். அதே பாதையில் ஒரு பக்கம் போனால் உடுவரை, ஹாலிஎல, கடைசியில் பதுளை. அங்கே ஒரு சிறைச்சாலை. பதுளையைத் தாண்டினால் தல்தெனவில் இளம் குற்றவாளிகளுக்கான சீர்திருத்த நிலையம். மறுபக்கம் எல்லவைக் கடந்து பண்டாரவளைக்குப் போனால் நகரத்தை ஒட்டி பிந்துனுவெவ. 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆம் திகதி காலையில் அங்கிருந்த புனர்வாழ்வு முகாமுக்குள் கும்பல் ஒன்று புகுந்து, தடுத்து வைக்கப்பட்டிருந்த 27 தமிழர்களைக் கொன்றது. ஊவாவின் தோட்டத்துச் சனங்களுக்கு மறியல் என்பது பத்திரிகையில் மட்டும் படிக்கிற சங்கதி இல்லை. பாட்டன் காலத்திலிருந்தே லயத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒன்று.

சிறைச் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றை எடுத்துப் படித்தால் ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். கொடுமையான சிறை, அங்கே இரக்கமுள்ள ஒருவர் பொறுப்பேற்கிறார், விலங்கு கழற்றப்படுகிறது, சாப்பாடு திருந்துகிறது, அடி நிற்கிறது, அவர் மாற்றலாகிப் போகும் நாளில் கைதிகள் அழுகிறார்கள். சினிமாவும் இதை விட்டுவைக்கவில்லை. சாந்தாராம் 1957இல் எடுத்த ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ 1975இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘பல்லாண்டு வாழ்க’ ஆனது. ஆறு கொலைக் கைதிகளைத் திறந்த வெளியில் வைத்துத் திருத்தும் அதிகாரியின் கதை. பழைய அவுந்து சமஸ்தானத்தில் நடந்த திறந்தவெளிச் சிறைப் பரிசோதனைதான் அதற்கு வித்து.

இந்த நன்றி பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அதை ஒரு சாட்சியமாக வைத்துப் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். யார் எழுதிவைத்தது? எதற்காகச் சொன்ன நன்றி? அந்த இரக்கமுள்ள மனிதர் போன பிறகு கைதியின் கையில் மிஞ்சியது என்ன? மூன்றாவது கேள்விக்குப் பதில் தேடும்போதுதான் பல புகழ்பெற்ற கதைகள் ஆட்டம் காண்கின்றன.

நம் ஊரிலிருந்தே தொடங்கலாம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இலங்கையில் கூலி வேலை செய்பவருக்கும் எஜமானுக்கும் இடையிலான ஒப்பந்தத்தை ஒழுங்குபடுத்தியது. பார்வைக்கு ஒப்பந்தச் சட்டம். உள்ளே குற்றவியல் சட்டம். வேலைக்குப் போக மறுத்தாலும், சொல் கேளாமல் நடந்தாலும், முன்னறிவித்தல் கொடுக்காமல் தோட்டத்தை விட்டுப் போனாலும் மூன்று மாதம் வரை மறியல். காலை ஆள்கணக்கெடுப்பான பெரட்டுக்கு வராதவனைப் பிடித்துத் தர பொலிசும் நீதவானும் இருந்தார்கள். தொழிலாளி ஓடினால் அது குற்றம். இதோடு சேர்ந்தது துண்டு முறை. கங்காணியிடம் பட்ட கடனைத் தீர்த்தால் இன்னாரை விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு அது. அந்தத் துண்டு இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பேர் பதிய முடியாது. கடன் ஒரு பக்கம், மறியல் மறுபக்கம், நடுவில் பத்தடிக் காம்பரா.

இப்படி உள்ளே போனவர்களைக் ‘குற்றவாளி’ என்று சொல்லவே நாக்கு கூசும். தீபாவளிக்கு வாங்கிய முன்பணம் தீராமல் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனவர்கள், அடி தாங்காமல் இரவோடு இரவாகக் குடும்பத்தோடு கிளம்பியவர்கள். இவர்களுக்குச் சிறைக்குள் நல்ல அதிகாரி வாய்த்தாரா என்பது இரண்டாம் பட்சம். இவர்களைச் சிறைக்கு அனுப்பும் வழியையே அடைப்பதுதான் செய்யக்கூடிய பெரிய சீர்திருத்தம்.

அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முதல் வரிசையில் வைக்க வேண்டியவர் சேர். பொன்னம்பலம் அருணாசலம். சிவில் சேவையில் நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் இருந்தவர். 1915இல் இலங்கை சமூக சேவைச் சங்கத்தைத் தொடங்கினார். 1919இல் தோட்டத் தொழிலாளருக்காகவே இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கம் உருவானபோது, பெரி. சுந்தரம் அவரோடு சேர்ந்து உழைத்தார். பெரி. சுந்தரம் மலையகத்திலிருந்து எழுந்து வந்த சட்டத்தரணி. 1931இல் தொழில் அமைச்சரானவர். தொழிலாளியை ஒப்பந்த மீறலுக்காகச் சிறையில் போடக்கூடாது, துண்டு ஒழிய வேண்டும் என்று இருவரும் சங்கத்தின் வழியாக வாதாடினார்கள். இந்திய அரசாங்கத்தின் நெருக்குதலும் அதே வேளையில் கூடியது. ஆளனுப்பும் நிபந்தனைகளை இறுக்கிய இந்தியக் குடியகல்வுச் சட்டம் 1922இல் வந்தது. 1920களின் தொடக்கத்தில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது, மறியல் தண்டனைப் பிரிவுகளும் நீங்கின.

அதற்கு யாராவது மாலை போட்டார்களா? அருணாசலத்துக்குக் கொழும்பில் சிலை இருக்கிறது. அவரை அரசியல் சீர்திருத்தவாதி, இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவர் என்றுதான் நாடு நினைக்கிறது. அவருடைய அண்ணன் இராமநாதனுக்குக் கிடைத்ததோ வேறு. 1915இல் முஸ்லிம்களுக்கு எதிராக மூண்ட கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் சிங்களத் தலைவர்கள் பலர் வெலிக்கடைச் சிறைக்குள் அடைக்கப்பட்டார்கள். இராமநாதன் சட்டசபையில் அவர்களுக்காகப் பேசினார், போர்க்காலக் கடலில் இங்கிலாந்துவரை போய் வாதாடினார். திரும்பி வந்தபோது குதிரைகளை அவிழ்த்துவிட்டு அவருடைய வண்டியைத் தலைவர்களே தோளில் இழுத்துச் சென்ற கதை நம் பாடப்புத்தகங்கள்வரை வந்துவிட்டது. கடைகளும் உயிர்களும் இழந்த முஸ்லிம்கள் அந்த ஊர்வலத்தை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பதைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. கைதிகளின் நன்றிக்கு எப்போதுமே ஒரு வெளிவட்டம் உண்டு; அந்த வட்டத்துக்கு அப்பால் நிற்பவர்களும் உண்டு.

வண்டி இழுக்கப் படித்தவர்கள் இருந்தார்கள். எழுதிவைக்கப் பத்திரிகையும் இருந்தது. பசறையிலோ ஸ்பிரிங்வெலியிலோ மறியலுக்குப் போகாமல் தப்பிய ஒரு தொழிலாளிக்கு, தன்னைக் காப்பாற்றியது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. சட்டம் செய்த நன்மைக்கு முகம் கிடையாது. முகம் இல்லாததற்கு யாரும் மாலை கட்டுவதில்லை.

கைதிகள் தாங்களே விட்டுச்சென்ற நன்றி என்று கைகாட்டக்கூடிய பொருள் உலகத்தில் மிகக் குறைவு. அதில் ஒன்று அவுஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடத்தில் இருக்கிறது: ஒரு ஒட்டுத்துணிப் போர்வை. எலிசபெத் ஃப்ரை என்ற குவேக்கர் பெண் 1813இல் இலண்டன் நியூகேட் சிறையின் பெண்கள் பகுதிக்குள் போனார்; பிள்ளைகளோடு வைக்கோலில் கிடந்த பெண்களைப் பார்த்தார்; 1817இல் ஒரு சங்கம் கட்டினார். நாடுகடத்தப்படும் பெண்களுக்கு ஊசி, நூல், துணித்துண்டுகள் கொடுத்து அனுப்புவது அந்தச் சங்கப் பெண்மணிகளின் வழக்கம். 1841 ஏப்ரலில் ‘ராஜா’ என்ற கப்பல் சுமார் 180 பெண் கைதிகளோடு இன்றைய தாஸ்மேனியாவுக்குப் புறப்பட்டது. ஜூலையில் ஹோபார்ட்டில் இறங்குவதற்குள் அவர்கள் 2,815 துண்டுகளை இணைத்து ஒரு பெரிய போர்வை தைத்திருந்தார்கள். ஓரத்தில், தங்கள் நலனுக்காக உழைத்த பெண்மணிகளுக்கு நன்றி என்று நூலால் எழுதியிருந்தார்கள். அந்தப் போர்வை எங்கோ தொலைந்து, 1987இல் ஸ்கொட்லாந்தில் ஒரு வீட்டின் பரணில் கிடைத்தது.

அந்தப் பொறிப்பின் பின்பாதி எனக்கு உறுத்துகிறது. பெண்மணிகள் சொன்ன புத்திமதியை மறக்காமல் நாங்கள் சோம்பலின்றி உழைத்திருக்கிறோம், அதற்கு இதுவே அத்தாட்சி என்று அது முடிகிறது. நன்றியோடு கணக்கும் ஒப்புவிக்கப்படுகிறது. தைத்த எவருடைய பெயரும் அதில் இல்லை. அந்த வாசகத்தை வகுத்தது கைதிகளா, அவர்களோடு பயணித்த மேற்பார்வைப் பெண் கெசியா ஹேய்ட்டரா என்றும் கேட்கத் தோன்றுகிறது. ஆனாலும், துணியையும் தையலையும் பார்க்கும்போது ஏமாற்று என்று சொல்ல மனம் வராது. மூன்றரை மாதக் கடற்பயணத்தில் கையில் ஒரு வேலையும் பக்கத்தில் ஒரு தோழியும் இருந்தது அந்தப் பெண்களுக்குப் பெரிய விஷயமாகத்தான் இருந்திருக்கும்.

அதே காலத்தில், அதே கடலின் வேறொரு மூலையில் நடந்தது இந்த ஆய்வுக்கு இன்னும் முக்கியம். அலெக்ஸாந்தர் மக்கொனொக்கி பிரித்தானியக் கடற்படை அதிகாரி. 1811இல் பிரெஞ்சுக்காரரிடம் பிடிபட்டு ஆண்டுக்கணக்கில் போர்க்கைதியாக இருந்தவர். 1840இல், திருத்தவே முடியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட கைதிகளின் தீவான நோர்போக் தீவுக்குத் தளபதியாக வந்தார். கைதியின் விடுதலையைக் காலம் தீர்மானிக்கக்கூடாது, அவன் உழைத்தும் ஒழுகியும் சேர்க்கும் மதிப்பெண் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர் முறை. வந்து சில வாரங்களில் விக்டோரியா இராணியின் பிறந்த நாள் வந்தது. சிறைக் கதவுகளைத் திறந்துவிட்டார். நல்ல இறைச்சியும் ரம் கலந்த எலுமிச்சை பானமும் கொடுத்தார், வாணவேடிக்கை, நாடகம். மாலை கொம்பு ஊதியதும் எல்லாரும் அமைதியாகத் திரும்பினார்கள். கைதிகளுக்குத் தோட்டம் போட நிலம் கொடுத்தார். செத்த கைதியின் குழிமேல் பெயர் பொறித்த கல் வைக்க அனுமதித்தார். அவரிடம் இருந்தவர்கள் மிகுந்த பற்றோடு அவரைப் பேசினார்கள் என்பதற்கு ஆதாரங்கள் நிறைய.

மேலிடத்துக்கு அந்தப் பிறந்த நாள் விருந்து பிடிக்கவில்லை. 1844இல் அவர் திருப்பி அழைக்கப்பட்டார். அடுத்து வந்த தளபதி சைல்ட்ஸ் கயிற்றைத் திரும்ப இறுக்கினார். 1846 ஜூலை முதலாம் திகதி, கைதிகள் தாங்களே சமைத்துச் சாப்பிட வைத்திருந்த பானைகளையும் தகரக் குவளைகளையும் பறித்தார்கள். கலகம் வெடித்தது. காவலர் தரப்பில் நால்வர் கொல்லப்பட்டார்கள். ஒக்டோபரில் 12 கைதிகள் தூக்கில் போடப்பட்டார்கள். புனிதப்படுத்தாத மண்ணில் ஒரே குழியில் புதைத்தார்கள். கல் இல்லை, பெயர் இல்லை.

பானையைப் பறித்ததற்கா இத்தனை? அந்தப் பானை யாருடையது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மக்கொனொக்கியின் நல்ல மனத்தால் வந்த சலுகை அது. எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. அவர் கப்பல் ஏறியதும் அதைக் கேட்கக் கைதிக்கு வாய் இல்லை. கைதிகள் அவருக்கு நன்றி சொன்ன ஒவ்வொரு விஷயத்தையும் எடுத்துப் பாருங்கள்: குழிக்கு ஒரு கல், ஒரு பாத்தி காய்கறி, மனிதனாகப் பேசும் ஒரு குரல். சிறை அவர்களிடமிருந்து எவ்வளவு தூரம் பறித்திருந்தது என்பதற்கு இந்த நன்றியைவிடத் துல்லியமான அளவுகோல் கிடைக்காது.

இன்னொரு பக்கமும் உண்டு. கைதிகளின் அன்பே சீர்திருத்தக்காரருக்கு எதிரான குற்றப்பத்திரிகை ஆகிவிடும். தோமஸ் மொட் ஒஸ்போர்ன் 1913இல் நியூயோர்க் மாநிலத்து ஓபர்ன் சிறையில் ஒரு வாரம் கைதியாகவே இருந்து பார்த்தவர். பிறகு சிங் சிங் சிறைக்கு அதிகாரியானார். கைதிகளே தங்கள் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ளும் சங்கத்தை அமைத்தார். ஓராண்டு கழிந்ததும் அவர்மீது வழக்கு. அது தள்ளுபடியாகி 1916 ஜூலையில் திரும்பி வந்தபோது கைதிகள் கொண்டாடினார்கள். அந்தக் கொண்டாட்டத்தையே எதிரிகள் காட்டினார்கள், பார், கெடுத்து வைத்திருக்கிறான் என்று. அதே ஆண்டிலேயே பதவி விலகினார். கண்டிப்பானவன் மீது யாரும் இப்படிக் குற்றம் சாட்டியதாகக் கேள்விப்பட்டதில்லை.

தமிழ் வாசகருக்கு நெருங்கிய உதாரணம் கிரண் பேடி. 1993இல் திகார் சிறைகளின் தலைமை அதிகாரியாக வந்தபோது அங்கே ஒன்பதாயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள், பெரும்பாலானோர் வழக்கு முடியாதவர்கள். படித்த கைதிகள் படிக்காதவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள், 1994 ஏப்ரலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கலந்துகொண்ட விபாசனா முகாம், அதே ஆண்டில் மக்சேசே விருது. 1995இல் மாற்றல். கைதிகளின் கடிதங்களும் கண்ணீரும் அவரைப் பற்றிய எழுத்தெல்லாம் நிறைந்து கிடக்கின்றன. எனக்கு அவர் செய்ததில் மிகப் பெரிதாகத் தெரிவது தியானம் இல்லை, ஒரு பெட்டி. கைதி முறைப்பாட்டை எழுதிப் போட, இடையில் உள்ள சிறை அலுவலர் திறக்க முடியாதபடி பூட்டிய பெட்டி. அந்த மனுக்கள் நேராக அவரிடம் போயின.

அப்படி ஒரு பெட்டி வைக்க வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1979 இறுதியிலேயே சொல்லியிருந்தது. மரண தண்டனைக் கைதி சுனில் பத்ரா, பக்கத்துக் கைதி ஒருவனைச் சிறைக்காவலர் சித்திரவதை செய்ததைப் பற்றி நீதிபதிக்குக் கடிதம் எழுதினார். நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்தக் கடிதத்தையே ஆட்கொணர்வு மனுவாக எடுத்துக்கொண்டார். சிறைச் சுவருக்குள்ளும் அடிப்படை உரிமைகள் செல்லும், மாவட்ட நீதிபதிகள் சிறைகளுக்குப் போய்ப் பார்க்க வேண்டும், முறைப்பாட்டுப் பெட்டிகள் வைக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த கிருஷ்ணய்யர் 1948இல் தலைச்சேரியில் வழக்கறிஞராக இருந்தபோது ஒரு மாதம் சிறையில் கிடந்தவர். 1957இல் கேரளத்தின் முதல் அமைச்சரவையில் சட்டத்தோடு சிறைத்துறையும் அவரிடம் இருந்தது. கிரண் பேடி வருவதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் திகார் கைதிக்குச் சட்டத்தால் கிடைத்திருந்த ஒன்று, அவர் வந்த பிறகுதான் உள்ளபடி கையில் கிடைத்தது. ஆக, தீர்ப்பு மட்டும் போதும் என்றும் சொல்ல முடியாது. தாளில் உள்ள உரிமையை நடைமுறைக்குக் கொண்டுவர மனிதர் வேண்டியிருக்கிறது. நான் மேலே சட்டத்தின் பக்கம் சற்று அதிகமாகச் சாய்ந்ததை இந்த உதாரணம் இழுத்துப் பிடிக்கிறது.

இலங்கைக்குத் திரும்புவோம். 1940 மே மாதம் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம். தொழிலாளர் தெரிவு செய்த குழுவோடு பேசித்தான் தோட்டத்தை நடத்த வேண்டும் என்ற நிலைக்குத் துரையே வந்தார். அடக்க வந்த பொலிசாரின் ஆயுதங்களைத் தொழிலாளர் பறித்தார்கள். பிறகு அடக்குமுறை மலையெங்கும் பாய்ந்தது. அடுத்த மாதமே இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்கள் பிடிக்கப்பட்டார்கள். என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா, பிலிப் குணவர்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் கண்டி போகம்பரைச் சிறையில் இருந்தார்கள். 1942 ஏப்ரலில் தப்பினார்கள். கதவைத் திறந்துவிட்டவர் சொலமன் என்ற சிறைக்காவலர். கைதிகளிடம் அரசியல் கேட்டு மனம் மாறியவர். கைதி காவலருக்கு நன்றி சொல்வதுதான் வழக்கமான கதை. இங்கே காவலரும் கைதிகளிடமிருந்து ஏதோ பெற்றுக்கொண்டார். வெவெஸ்ஸவில் பிடிபட்ட சாதாரணத் தொழிலாளர் மறியலில் எப்படி இருந்தார்கள் என்று இதுபோல யாரும் எழுதிவைக்கவில்லை.

பிறகு 1983. வெலிக்கடையில் ஜூலை 25ஆம் திகதி 35 பேர், 27ஆம் திகதி 18 பேர், ஆக 53 தமிழ்க் கைதிகள் சக கைதிகளின் கும்பலால் கொல்லப்பட்டார்கள். இரண்டாம் நாள் கொல்லப்பட்டவர்களில் ஒருவர் டொக்டர் இராஜசுந்தரம். எஸ். ஏ. டேவிட்டோடு சேர்ந்து காந்தியம் அமைப்பை நடத்தியவர். 1977 கலவரத்தில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியாப் பக்கம் போன மலையகக் குடும்பங்களுக்குக் காணி, கிணறு, பாலர் பாடசாலை என்று செய்துகொடுத்த அமைப்பு அது. நன்றிக்கு உரியவர் என்று மலையகத்தார் எண்ணிய ஒருவர், கைதியாகச் செத்தார். அந்தக் கொலைகளின்போது சிறை அதிகாரிகளில் சிலர் காயப்பட்டவர்களை வைத்தியசாலைக்கு அனுப்ப முயன்றதையும், வாசலில் நின்ற இராணுவத்தினர் விடாததையும் ராஜன் ஹூல் 2001இல் வெளியிட்ட நூலில் சாட்சியங்களோடு பதிவுசெய்திருக்கிறார். நல்ல மனம் அங்கே இருந்தது. அதற்கு அதிகாரம் இருக்கவில்லை.

பிந்துனுவெவ இதைவிடக் கசப்பானது, ஏனென்றால் அது தண்டிக்கும் சிறையாகவே இருக்கவில்லை. பெயரே புனர்வாழ்வு. உள்ளே இருந்தவர்கள் 41 பேர். சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர்கள். மதில் கோபுரம் ஏதும் இல்லாத இளக்கமான ஏற்பாடு, சீர்திருத்த நூல்கள் சிபாரிசு செய்யும் வகையைச் சேர்ந்தது. கும்பல் வந்த காலையில் ஆயுதம் தாங்கிய பொலிசார் பக்கத்திலேயே இருந்தார்கள். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்துக்குள் உச்ச நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. அரசின் காவலில் இருந்த 27 உயிர்களுக்கு இன்று தண்டனை பெற்ற ஒருவரும் இல்லை. திறந்த முகாம், தோட்ட வேலை, கைத்தொழில் என்று கைதியை மென்மையாக நடத்தும் திட்டங்களைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் பண்டாரவளைப் பக்கத்துத் தமிழனுக்கு அந்தக் காலை நினைவுக்கு வரும். பாதுகாப்புக்குப் பொறுப்புச் சொல்ல ஆள் இல்லாத இடத்தில் இரக்கம் கதவைத் திறந்து வைத்தால், அதன் வழியாகக் கும்பலும் வரலாம்.

2012 நவம்பரில் வெலிக்கடையில் 27 பேர், 2020 நவம்பரில் மஹரவில் 11 பேர் என்று பட்டியல் நீள்கிறது. அவற்றை இங்கே விரிக்கவில்லை. அந்த 2020இன் இறுதியில்தான் இலங்கையின் சிறைகளைப் பற்றி இதுவரை வந்தவற்றில் மிக விரிவான ஆய்வு வெளியானது. மனித உரிமைகள் ஆணைக்குழுவின் ஆணையாளராக இருந்த அம்பிகா சற்குணநாதன் தலைமையில், 20 சிறைச்சாலைகளுக்குள் போய்க் கைதிகளிடமும் அலுவலர்களிடமும் கேட்டு எழுதியது. இடமில்லாமல் முறை வைத்துத் தூங்குவது, மலசலகூடத்துக்குள் படுப்பது, அடி, மருந்து கிடைக்காத நிலை, பெண் கைதிகளின் பாடு எல்லாம் அதில் இருக்கின்றன. சிறைக்காவலர்களின் சம்பளமும் குடியிருப்பும்கூட அதில் விடுபடவில்லை. ஃப்ரை கொடுத்த ஊசியும் நூலும் போலக் கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய எதையும் இந்த வகைச் சீர்திருத்தக்காரர் கைதிக்குக் கொடுப்பதில்லை. கேட்கிறார், எழுதுகிறார், போய்விடுகிறார். இவருக்குக் கைதிகள் போர்வை தைத்துக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் பெட்டியும் தீர்ப்பும் பிறப்பது இப்படி எழுதப்பட்டவற்றிலிருந்துதான்.

ஹெலன் சுஸ்மான் 1967இல் ரொபன் தீவுக்குப் போனதும் இந்த வகைதான். தென்னாபிரிக்கப் பாராளுமன்றத்தில் எதிர்க்கட்சி உறுப்பினர் அவர். அங்கே கைதியாக இருந்த மண்டேலா அவரிடம் தனக்கென்று எதையும் கேட்கவில்லை. கையில் சுவஸ்திகா பச்சை குத்திய ஒரு காவலரைப் பற்றிச் சொன்னார். அந்தக் காவலர் அகற்றப்பட்டார். சுஸ்மானின் அந்த வருகையை மண்டேலா கடைசிவரை நன்றியோடு பேசினார். அதே மண்டேலாவின் பெயரைத் தாங்கித்தான் கைதிகளை நடத்துவதற்கான ஐ.நா. குறைந்தபட்ச விதிகள் 2015இல் திருத்தி வெளியிடப்பட்டன.

ஊவாவில் இன்று மறியலுக்குள் போகும் தோட்டத்து ஆளின் கதை இந்தப் பெரிய பெயர்களோடு ஒட்டாது. பெரும்பாலும் சிறிய வழக்கு: கசிப்பு, சண்டை, ஒரு மரம் வெட்டியது. நீதவான் தண்டப்பணம் போடுகிறார், கட்ட வழியில்லை, உள்ளே போகிறார். இலங்கைச் சிறைகளுக்குத் தண்டனை பெற்று வருபவர்களில் பெரும் பகுதியினர் தண்டப்பணம் கட்ட முடியாதவர்கள்தான் என்பது சிறைத் திணைக்களத்தின் சொந்தக் கணக்குகளே ஆண்டாண்டாகக் காட்டுவது. பொலிசில் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படுகிறது. என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் கையெழுத்து. வீட்டுக்காரிக்குக் கணவரை எந்தச் சிறைக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரியவே ஒரு நாள் பெரட்டு போய்விடும். இந்தச் சூழ்நிலையில் யாராவது தண்டப்பணத்தைக் கட்டி வெளியே எடுத்தால் காலில் விழாத குறையாக நன்றி சொல்வார்கள். கட்டியவர் தோட்டத்துத் தலைவராகவோ தேர்தலுக்கு நிற்கப்போகிறவராகவோ இருப்பதும் வழக்கம். அந்த நன்றி அடுத்த தேர்தல்வரை வசூலிக்கப்படும்.

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி தண்டப்பணம் கட்ட அவகாசம் கேட்கலாம், தவணையாகக் கட்ட அனுமதி கேட்கலாம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சமுதாயஞ்சார் சீர்திருத்தச் சட்டத்தின் கீழ், சிறைக்குப் பதிலாகச் சமூக வேலை செய்ய நீதிமன்றம் கட்டளையிடலாம். இலவசமாக வாதாட சட்ட உதவி ஆணைக்குழு 1978 முதல் இருக்கிறது. இவை மூன்றையும் தமிழில் அரைப்பக்கத்தில் அச்சடித்து, பெரட்டுக் களத்திலும் கோயில் வாசலிலும் நீதிமன்றத்துக்கு எதிரே உள்ள தேத்தண்ணிக் கடையிலும் ஒட்ட ஆகும் செலவு ஒருவருடைய தண்டப்பணத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.